கல்யாணப் படத்தில் நின்ற சிலைகள்

என் கல்யாண அல்பத்தில் இருக்கும் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு உயிர் இல்லை. செத்துப்போனார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்கு எப்போதுமே உயிர் இருந்ததில்லை. தாய்லாந்தில் ஒரு காட்சிச்சாலையில் ஆளுயரத்துக்குச் செய்து வைத்திருக்கும் சிலைகள் அவை. அரசர்கள், பிக்குகள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், பிள்ளைக்குச் சோறூட்டும் தாய் என்று அந்த நாட்டின் பழங்காலமும் வாழ்க்கையும் அங்கே நின்றபடியும் இருந்தபடியும் இருக்கின்றன. என் கல்யாணத்துக்கு வந்த உயிருள்ள சனம் என்றால் அம்மா ஒருத்திதான். தாலியை எடுத்துக் கொடுத்த ஐயரையும் சேர்த்தால் இரண்டு பேர்.

போர்நிறுத்தம் இருந்த அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தை ஒட்டிய எங்கள் தீவுப் பகுதியில் பல கல்யாணங்கள் இப்படித்தான் நடந்தன. மாப்பிள்ளை அகதியாகப் போனவர். எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக் கூடாது என்று அவருடைய பயணப் புத்தகத்தில் எழுதியிருக்கும். பெண்ணுக்கோ அவர் இருக்கும் நாட்டுக்குப் போக விசா இல்லை. ஆகவே இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு மூன்றாம் நாட்டைப் பிடிப்பார்கள். அங்கே ஒரு கோயிலில் தாலி, ஒரு அரசாங்கக் கந்தோரில் பதிவெழுத்து, பிறகு ஆளுக்கொரு விமானம். அதற்குப் பிறகு ஸ்பொன்சர் என்ற ஒன்று தொடங்கும். புருஷன் பெண்சாதியைக் கூப்பிடுவதற்கு அந்த நாட்டு அரசாங்கத்திடம் அனுமதி கேட்பதற்கு அதுதான் பெயர்.

என் ஊர் புளியங்கூடல். அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. என்னைப் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வயதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு சத்தம் இருக்காது. எனக்கு வாய்த்தவர் பக்கத்து ஊர், நாரந்தனை. ஆனால் நான் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவர் வெளிநாடு போய்விட்டார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், குளிர் நாடு ஒன்று. அவருடைய சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். தகப்பனின் தம்பி. எங்கள் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர்தான்.

பேசி முடித்த பிறகு ஊர்காவற்துறையில் ஒரு கொமினிக்கேசன் கடைக்கு மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். நான் போய்க் காத்திருப்பேன். "சுகமோ?" என்பார். அந்தச் சொல் கடல் கடந்து வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். "சுகம்" என்பேன். அது போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம். அதற்கிடையில் அவர் "சாப்பிட்டீரோ?" என்று கேட்டிருப்பார். ஒருவருடைய கேள்விக்கு மற்றவருடைய பழைய பதில் போய்ச் சேர, கடைக்காரி எங்களைப் பார்க்காதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வருடம் இப்படிப் பேசியும் எங்களுக்குள் பேசியதென்று எதுவும் இருக்கவில்லை.

பாங்கொக்கில் முதன்முதல் நேரில் கண்டபோதும் அதே கதைதான். விமான நிலையத்தில் அவர் அம்மாவுக்குத்தான் வணக்கம் சொன்னார். எனக்குச் சிரித்தார், நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தேன். கோயிலில் தாலி கட்டினார். லொட்ஜில் பக்கத்து அறையில் அம்மா. நடுவில் இருந்தது பலகைச் சுவர். அவள் இருமினால் எங்கள் அறையில் கேட்கும். நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடப்பவர்களைப் போல ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தோம். "லைற்றை நிப்பாட்டட்டோ?" "ஓம்." "பான் காத்துக் கூடவோ?" "இல்லை, காணும்." புதிதாகக் கல்யாணம் முடித்தவள் இவ்வளவு தனியாக இருக்கலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கத் தனியாக இருப்பது, ஒருவரும் இல்லாமல் தனியாக இருப்பதைவிட மோசம்.

லொட்ஜ் நடத்தியவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். இப்படி வருகிற சோடிகளைக் கண்டு கண்டு அவருக்கு எல்லாம் அத்துப்படி. கல்யாணம் முடிந்த அடுத்த நாளே மாப்பிள்ளையை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, கோயில் படம் மட்டும் காணாது. நாலு இடத்தில நிண்டு எடுங்கோ. உடுப்பை மாத்தி மாத்தி எடுங்கோ. ஒரே சாறியோட எல்லாப் படத்திலயும் நிண்டால் ஒரு நாளில எடுத்த பொய்க் கலியாணம் எண்டு விசாக்காரங்கள் நிராகரிச்சுப்போடுவாங்கள்."

அதற்கு நல்ல இடம் என்று அவர் சொன்னதுதான் அந்தக் காட்சிச்சாலை. நகரத்துக்கு வெளியே, வாடகை வான் பிடித்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வெயில் இல்லை, குளிரூட்டி இருக்கிறது, கூட்டம் குறைவு, படம் எடுக்க விடுவார்கள். இப்படித்தான் நான் தாய்லாந்தின் சரித்திரத்தைப் பார்க்கப் போனேன், ஒரு பையில் மூன்று சேலையும் அவற்றுக்கேற்ற மூன்று சட்டையும் மடித்து வைத்துக்கொண்டு.

வாசலைத் தாண்டியதும் ஒரு நீட்டு வாங்கில் இருந்துகொண்டு ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கால் உளைவு. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, ஆண்பிள்ளை இருக்கிற வாங்கு என்பதால் மற்றத் தொங்கலில் ஒட்டிக்கொண்டு இருந்தாள். நாங்கள் ரிக்கற் எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது என் காதுக்குள் சொன்னாள்.

"பிள்ளை, அந்த மனுசன் பேப்பரைப் பிரட்டுறாரே இல்லை. சுகமில்லையோ தெரியாது."

அவர்தான் முதலாவது சிலை. கையில் நரம்பு புடைத்திருந்தது. காதுக்குள் மயிர் இருந்தது. சட்டைக் கழுத்து வியர்வையில் பழுத்த மாதிரிக் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. மெழுகு என்றுதான் நான் நினைத்தேன். தாலி கட்டியவர் அங்கே இருந்த ஆங்கிலக் குறிப்பை வாசித்துவிட்டு, "மெழுகில்லை, பைபர். எங்கட ஊரில மீன்பிடி வள்ளம் செய்யிற அதே சாமான்" என்றார். அம்மா எழும்பி, அந்த ஆளைச் சுற்றி வந்து பார்த்தாள். "வள்ளம் செய்யிறதிலயோ இந்த மனுசனைச் செய்தவங்கள்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தச் சிலைக்கும் பயப்படவில்லை.

உள்ளே முதல் ஹோலில் அந்த நாட்டு அரசர்கள் வரிசையாக இருந்தார்கள். பார்க்க வந்த சனம் அவர்களுக்கு முன்னால் குனிந்து கைகூப்பிவிட்டு நகர்ந்தது. அடுத்ததில் வயதான பிக்குகள். ஒருவருக்கு முகமெல்லாம் புள்ளி, ஒருவருக்குக் கண் பாதி மூடியபடி. ஒரு பெண் அவர்களுக்கு முன்னால் நிலத்தில் விழுந்து கும்பிட்டதைக் கண்டு அம்மாவும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வேறோர் இடத்தில் பழைய காலத்து அடிமைகள், அவர்களை விடுதலை செய்த அரசனின் காலத்துக் காட்சியாம். ஒரு தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தாள். ஒரு மூலையில் சின்னப் பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக விளையாடினார்கள். எல்லாரும் ஏதோ ஒரு வேலையின் நடுவில் இருந்தார்கள். எங்களுக்குத்தான் அங்கே வேலை இல்லை. அவர் ஒரு கையைத் தொங்கப்போட்டு, நான் ஒரு கையைத் தொங்கப்போட்டு, நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி விட்டு நின்றோம். பார்க்க வந்தவர்களில் யாராவது எங்களையும் சேர்த்துச் சிலை என்று நினைத்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

படம் பிடித்தது அம்மா. அதற்கு முதல் கமராவைத் தொட்டே பழக்கமில்லாதவள். பொத்தானை அமத்தத்தான் தெரியாதே தவிர, படத்தில் என்ன வர வேண்டும் என்பதில் அவளுக்குத் தீர்மானம் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ. அந்த ராசாவுக்குப் பக்கத்தில. பிள்ளை, நீ அந்தக் கிழவனுக்குக் கிட்ட வா."

"மாமி, நாங்கள் ரெண்டு பேரும் படத்தில விழுந்தால் காணும்" என்றார் அவர்.

அம்மா கமராவைக் கீழே இறக்கினாள். முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. "சனமில்லாத கலியாணப் படத்தை நான் ஊரில என்னெண்டு காட்டிறது?" என்றாள். "ஒரு பிள்ளை எனக்கு. நாலு பேர் பின்னால நிக்காமல் ஒரு கலியாணமோ?"

அம்மா சொன்ன இடத்தில் எல்லாம் அவர் போய் நின்றார். ரொய்லெட்டுக்குள் போய் நான் சேலை மாற்றிக்கொண்டு வருவேன். அம்மா ஒரு சிலைக் கூட்டத்தைத் தேர்ந்து வைத்திருப்பாள். சீருடை போட்ட காவலாளி ஒருவன், அம்மா கயிற்றைத் தாண்டி ஒரு கிழவரின் சால்வையைச் சரிசெய்யப் போனபோது ஓடிவந்து கத்தினான். அம்மா தமிழில் மன்னிப்புக் கேட்டாள். அவன் தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் ஒரு மாதிரி விளங்கிக்கொண்டார்கள்.

நான் அந்தச் சிலைகளின் முகங்களை ஆசை தீரப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். திருப்பிப் பார்க்காத முகங்களை எவ்வளவு நேரமும் பார்க்கலாம். தாலி கட்டியவரின் முகத்தை அப்படிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் திரும்பினால் நான் வேறு பக்கம் திரும்புவேன். நான் திரும்பினால் அவர் ஒரு பெயர்ப் பலகையை வாசிப்பார், அது தாய்லாந்து எழுத்தில் இருந்தாலும்.

கடைசிச் சேலையை உடுத்திக்கொண்டு நான் திரும்பி வந்தபோது அம்மா பிக்குகளின் பக்கம் போயிருந்தாள். அவரைக் காணவில்லை. தேடிப் போனால், சதுரங்கம் ஆடுகிற காட்சிக்கு முன்னால் நின்றார். இரண்டு பேர் ஆட, மூன்றாமவர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலுடம்பில் உடுப்பில்லை. இடுப்பில் கட்டம் போட்ட துணி. ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, ஆடுகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்க வந்து அடக்கிக்கொண்டது போல இருந்தார்.

"ஐயா இப்பிடித்தான் குந்துவார்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "பொயிலைத் தோட்டத்து வரம்பில. இதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு."

மாமா, அவருடைய ஐயா, இறந்து அப்போது பல வருடங்கள் ஆகியிருந்தன. ஊரில் கொள்ளி வைத்தது இவருடைய ஒன்றுவிட்ட தம்பி. மூத்த மகன் இவர் வர ஏலாமல் அங்கேயே மொட்டை அடித்து, ஐயரைக் கூப்பிட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து, சனத்துக்குச் சாப்பாடும் கொடுத்தவர் என்று ஊர் முழுக்கத் தெரியும். வெளிநாட்டிலிருந்தும் கடமையை விடாத பிள்ளை என்று என்னைப் பெண் கேட்டு வந்தபோதே அதைச் சொல்லித்தான் பேசினார்கள்.

பக்கத்தில் ஒரு வாங்கு இருந்தது. அவர் இருந்தார். நானும் தள்ளி இருந்தேன். அவர் அந்தச் சிலையைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் ஒண்டும் செய்யேல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"அந்தியேட்டி செய்யேல்லை. மொட்டை அடிக்கேல்லை. அப்ப நான் சித்தப்பாவை விட்டு வேற நகரத்தில, ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவிக்கொண்டிருந்தனான். வேலைக்குள்ளதான் போன் வந்தது. வைச்சிட்டுத் திரும்பப் போய்க் கழுவினனான். லீவு கேக்கவுமில்லை. கேட்டால் அழுதுபோடுவன் எண்டு கேக்கேல்லை. பிறகு அம்மா போனில, எல்லாம் முறையாச் செய்தனியோ எண்டு கேட்டவ. ஓம் எண்டனான். சித்தப்பாவுக்கும் அதைத்தான் சொன்னனான். சொல்லச் சொல்லச் சாப்பாடு குடுத்தது வரைக்கும் வந்திட்டுது."

அவர் அழவில்லை. மூக்கை மட்டும் ஒருதரம் உறிஞ்சினார். கையைப் பிடித்திருக்கலாம். அப்படி ஒன்று செய்யலாம் என்பதே எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. நான் முதன்முதலாக அவருடைய முகத்தை நேராகப் பார்த்தேன், அவரும் திரும்பிப் பார்த்தார், இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பவில்லை.

"இதை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதையும்" என்றார். "சித்தப்பாவுக்குத் தெரிஞ்சால் என்ரை முகத்தில முழிக்கமாட்டார்."

"சொல்லமாட்டன்" என்றேன்.

என் கல்யாணம் கோயிலில் நடந்தது என்று அல்பம் சொல்கிறது. எனக்கு அது அந்த வாங்கில் நடந்தது. அடுத்த கிழமை அவர் ஒரு விமானத்திலும் நாங்கள் இன்னொரு விமானத்திலும் ஏறினோம்.

ஊரில் அம்மா அல்பத்தைக் காட்டிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். வந்தவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் பிரட்டுவாள். "உவை அந்த நாட்டு ஆக்கள். மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சவை." ராசா உடுப்புப் போட்டவரைக் கேட்டால், "பெரிய உத்தியோகத்தர்" என்பாள். முன்வீட்டு அக்கா மட்டும் ஒரு படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் மாமி, ஒருத்தரும் சிரிக்கினமில்லை?" என்று கேட்டா. "அந்த நாட்டில சிரிக்கிற வழக்கமில்லை" என்று அம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். நான் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்து முடியக் கொஞ்சம் அழுதேன்.

ஸ்பொன்சருக்கு அந்தப் படங்களும் போயின. ஒன்றரை வருடம் போல் காத்திருந்த பிறகு கொழும்பில் தூதரகத்துக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரே நினைப்புத்தான். இந்த ஒரு நாளைத் தாண்டினால் அவரிடம் போகலாம்.

நேர்முக அறைக்கு வெளியே என்னைக் கூட்டிப்போக ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். என்னைவிட ஒரு பத்து வயது கூட இருக்கும், நல்ல பட்டுச் சேலை, அன்பான முகம்.

"எந்த ஊர் பிள்ளை?"

"புளியங்கூடல்."

"அட, நான் வேலணை. அவர் எவடம்?"

"நாரந்தனை."

"நாரந்தனையில ஆரின்ரை மகன்?"

சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. "பொயிலைத் தோட்டம் செய்தவர்தானே? எங்கட ஐயாவும் அவரும் ஒண்டாப் படிச்சவை. நாங்கள் செத்த வீட்டுக்கும் போனனாங்கள். மூத்த பொடியன் வெளியில இருந்து எல்லாம் முறையாச் செய்தவன் எண்டு அம்மா இப்பவும் சொல்லுவா." என் தோளைத் தட்டினார். "பயப்பிடாதையும். நான் இருக்கிறன்."

அவ அங்கே இருந்ததுதான் வினை.

உள்ளே அந்த நாட்டு அதிகாரி. இளம் ஆள், மரியாதையானவர். கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். அம்மா மட்டும் என்றேன். அவர் படங்களை மேசையில் பரப்பினார். அப்படியானால் இவர்கள் யார் என்று கேட்டார்.

"சிலைகள்" என்றேன்.

வேலணை அக்கா அதை ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன் என்னை ஒருதரம் பார்த்தா. அதிகாரி ஒரு படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிறகு இன்னொன்று. கோயில் படங்களைத் தவிர எந்தப் படத்திலும் கணவனும் மனைவியும் அருகருகே நிற்கவில்லை, ஆனால் உயிரில்லாதவர்களைக் கூட்டமாகச் சேர்த்திருக்கிறீர்கள், ஏன் என்று கேட்டார். சனமில்லாத கல்யாணத்தை ஊரில் காட்ட ஏலாது என்று அம்மா நினைத்தாள் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. காட்டுவதற்காக எடுத்த படங்கள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

அதிகாரி படங்களை அடுக்கி வைத்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்கிறேன் என்றார். கணவன் உங்களுக்கு மட்டும் சொன்ன ஏதாவது ஒன்று, வேறு ஒருவருக்கும் தெரியாதது, மனைவிக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடியது. அப்படி ஒன்றைச் சொல்லுங்கள். அவரிடமும் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

என்னிடம் அது இருந்தது. வேறு எந்தப் பெண்சாதியிடமும் அவ்வளவு சரியான பதில் இருந்திருக்காது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் அதிகாரியின் காதுக்குப் போவதற்கு முன் அது வேலணை அக்காவின் காதுக்குப் போக வேண்டும். அந்த அக்கா நல்லவ, வெளியில் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் அவவுக்கு இருந்திருக்கும். இருந்தாலும் ஒருநாள் தாயிடம் சொல்லாமல் இருப்பாவா? தாய் இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பாளா? நான் புளியங்கூடல் போய்ச் சேருவதற்குள் அது நாரந்தனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே மாமி, அவருடைய தாய், இருக்கிறா.

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அக்கா மெல்லிய குரலில், "யோசிச்சுச் சொல்லும் பிள்ளை" என்றா. யோசித்தேன். "ஒண்டுமில்லை" என்றேன். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

இது உண்மையான திருமணமாகத் தெரியவில்லை என்று சொல்லி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள்.

அதற்குள் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. கொழும்புக்குப் போகும் பாதை பூட்டியாயிற்று, தீவில் ஊரடங்கு, போன் ஒருநாள் இருந்தால் மூன்று நாள் இல்லை. அவர் அங்கே அப்பீல் போட்டார். அந்த நாட்டில் அப்பீலை அங்கேயே விசாரிப்பார்கள். அவர் நேரில், நான் போனில். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன்.

"அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டால் நான் சொல்லட்டோ?"

அவர் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "சொல்லும். இனி வேற என்ன செய்யிறது" என்றார்.

விசாரணை நாளன்று ஊரடங்கு தொடங்குவதற்கு முன்பே அம்மாவும் நானும் ஊர்காவற்துறைக்குப் போய்க் கொமினிக்கேசன் கடையோடு ஒட்டியிருந்த கடைக்காரியின் வீட்டில் தங்கினோம். அங்கே காலை, இங்கே பொழுது பட்டுக்கொண்டிருந்தது. அம்மாவையும் கடைக்காரியையும் குசினிக்குள் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு பெண் நீதிபதியின் குரல். அதைத் தமிழாக்கிய ஒரு ஆணின் குரல், யாழ்ப்பாணத்து ஆள். அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் சொன்னார்கள். அவர், அவருடைய வழக்கறிஞர், சாட்சி சொல்லி முடித்துவிட்டு உள்ளேயே இருக்கும் அவருடைய சித்தப்பா.

சித்தப்பாவும் அங்கே இருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆனால் சொல்லும் என்று அவர்தானே சொன்னார். இந்த முறை கேள்வி வந்ததும் நான் நிறுத்தாமல் சொன்னேன். சதுரங்கம் பார்க்கும் சிலை, பக்கத்தில் இருந்த வாங்கு, கோப்பை கழுவியது, அழுதுபோடுவேன் என்று லீவு கேட்காதது, செய்யாத அந்தியேட்டி, கொடுக்காத சாப்பாடு, எல்லாவற்றையும். அவரைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியும் என்று முதன்முதலாக ஒரு சபையில் சொல்கிறேன் என்ற பெருமைகூட எனக்குள் இருந்தது.

மொழிபெயர்த்து முடிந்தது. அந்த அறையில் ஒரு கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது. நீதிபதி அவரைக் கேட்டா, மனைவி சொல்வது உண்மையா, இதை நீங்கள் அவரிடம் சொன்னீர்களா என்று.

அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஒரே ஒரு சொல். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"நோ."

நீதிபதி திரும்பக் கேட்டா. அவர் திரும்பவும் அதையே சொன்னார், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. தகப்பனுக்குத் தான் எல்லாம் முறையாகச் செய்ததாகவும், இவ ஏன் இப்படிச் சொல்கிறா என்று தெரியவில்லை என்றும் அவர் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார். பிறகு எனக்கு நன்றி சொல்லி லைனை வெட்டினார்கள். அப்பீல் தள்ளுபடியாயிற்று.

நான் ரிசீவரை வைத்துவிட்டு அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, "என்ன பிள்ளை, சரியோ?" என்றாள். வெளியே கடற்படையின் வாகனம் ஒன்று போனது. நான் யாருமில்லாதவளாக இருந்தேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு நின்றபோதும் அப்படித்தான் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எடுத்தார். வழக்கமான "சுகமோ" இல்லை.

"சித்தப்பா பக்கத்தில இருந்தவர்" என்றார்.

"தெரியும்."

"என்ரை முழங்காலில கை வைச்சுக்கொண்டு இருந்தவர். தன்ரை தமையனுக்கு நான் செய்ததைப் பற்றி அப்பதான் பெருமையாச் சாட்சி சொல்லிப்போட்டு வந்து இருந்தவர். என்னாலை ஏலாமப் போச்சு."

அவர் அழுதார். தகப்பனுக்காக அழாதவர், கோப்பை கழுவும்போது அடக்கியவர், ஊர்காவற்துறைக் கடையின் ரிசீவருக்குள் அழுதார். நான் அவரைத் திட்டுவதற்கு ஒரு கிழமையாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் வாயில் இருந்தன. அவை வெளியே வராமல் போனதற்குக் காரணம் என் பெருந்தன்மை இல்லை. கொழும்பில் அந்த அறையில், வேலணை அக்கா பக்கத்தில் இருந்தபோது, நானும் அதே கேள்விக்கு அதே பதிலைத்தான் சொன்னேன். எங்களில் ஒருவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால், நான் எப்போதோ அவருடைய வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு அரசாங்க அறைகளில், இரண்டு நாடுகளில், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் நாங்கள் இருவரும் ஒரே பொய்யைச் சொன்னோம். இதைவிடப் பொருந்திய புருஷன் பெண்சாதியை அந்த அதிகாரிகள் எங்கே போய்த் தேடுவார்கள்?

"கோவமோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். பிறகு அவர் போனை வைக்க மனமில்லாமல் இருந்தார், நானும் வைக்கவில்லை. கடைக்காரி வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.